போனவர்களைக் கேளுங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குருமார்களின் படங்கள் மாட்டியிருக்கும். அம்மா மேல்மருவத்தூர், அப்பா மனவளக்கலை. இதனால் சண்டை வந்ததில்லை. சாமியார் என்றாலே மோசடி என்கிற நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை, ‘எங்கள் குருவைப் போல் உண்டா’ என்பவர்களோடும் ஒத்துப்போவதில்லை. அந்தக் கூடத்தில் வளர்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

அம்மாவுக்கு மருவத்தூரில் கிடைத்தது தத்துவம் அல்ல. மாதத்தில் சில நாள் கோயில் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். அங்கே பெண்கள் கருவறைக்குள் போகலாம், தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம், தீட்டு என்று யாரும் நிறுத்துவதில்லை. எங்கள் தெருவிலிருந்த வார வழிபாட்டு மன்றத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: சக்தி. மளிகைக் கடை முதலாளியின் மனைவியும் சக்தி, அந்தக் கடையில் அரிசி புடைக்கிற பெண்ணும் சக்தி. சிவப்புச் சேலை கட்டி இருமுடி தாங்கிப் பேருந்தில் ஏறும்போது அம்மா யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. வீட்டில் மற்ற எதற்கும் கேட்பார். அந்தக் கோயிலின் குருவான பங்காரு அடிகளாரைத் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி, பேசியதில்லை. முழங்கால் வலி வந்தபின் போவது நின்றுவிட்டது. மன்றத்துப் பெண்கள் இன்றும் ஆடிப்பூரத்துக்குக் கஞ்சி ஊற்றினால் ஒரு தூக்கு அம்மாவுக்கு வந்துவிடும். ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அப்பா கோபக்காரர். சாப்பாட்டுத் தட்டு பறக்கிற வகை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி இல்லறத்தில் இருந்தவர். அதனால் அவர் சொன்னதை அப்பா காதில் வாங்கினார். அங்கே சினம் தவிர்த்தல் என்றே ஒரு பயிற்சி உண்டு. ஆகஸ்ட் 30, மகரிஷியின் துணைவியார் பிறந்த நாள், மனைவி நல வேட்பு நாள்: கணவன் மனைவிக்குப் பூ தரவேண்டும், மனைவி கனி தரவேண்டும். மனவளக்கலை மன்றத்தில் அப்பா ஒரு ரோஜாவை “இந்தா, பிடி” என்று நீட்டிவிட்டு முகத்தை மின்விசிறிப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கோபம் முழுசாகப் போகவில்லை. தட்டு பறப்பது நின்றது. எந்த ஞானத்தையும்விட எங்கள் வீட்டுக்கு அது பெரிது.

மூன்றாவது அனுபவம் என்னுடையது. அமைப்பின் பெயர் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் வகுப்பு. வாசலில் நம் செருப்பை வாங்கி அடுக்குகிறவர் கணினி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர் என்று கேள்விப்பட்டதுமே பாதி மனம் விழுந்துவிடும். மூச்சுப் பயிற்சி பொய் இல்லை, நல்ல தூக்கம் வந்தது. பிறகு அடுத்த நிலை, அதற்கு மேல் ஒரு நிலை, ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம். எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டேன். “அது நீங்கள் கேட்கவில்லை, உங்கள் அகங்காரம் கேட்கிறது” என்று சிரித்தபடி பதில் வந்தது. இந்தப் பதிலைத் தாண்டி எந்தக் கேள்வியும் போக முடியாது. கேட்பதே நோயின் அறிகுறியாகிவிடும். நான் போவதை நிறுத்தியபின் முதலில் தினமும் தொலைபேசி அழைப்பு, பிறகு மௌனம். பக்கத்துப் பாயில் உட்கார்ந்து சேர்ந்து கண்ணீர் விட்ட நண்பர் காய்கறிக் கடையில் என்னைக் கண்டதும் எடுத்த கத்தரிக்காயைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

குருவே கதவைத் திறந்துவிட்ட கதையும் உண்டு. 1909இல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலக குருவாக வரப்போகிறவர் என்று 1911இல் அவருக்காக ஓர் அமைப்பே உண்டானது. மகன்களைத் திருப்பித் தரக்கேட்டு அவருடைய அப்பா நாராயணய்யா, சபைத் தலைவர் அன்னி பெசன்ட் மேல் வழக்குப் போட்டார். சென்னையில் வென்று, 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அப்படி வளர்க்கப்பட்டவர் 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓம்மன் முகாமில், ஆயிரக்கணக்கான அடியார்கள் முன்னிலையில், அந்த அமைப்பைக் கலைத்தார். காணிக்கையாக வந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவரிடமே திரும்பிப் போயின. குரு வேண்டாம் என்றவர் முன்னால் 1986இல் அவர் மறையும்வரை கூட்டம் உட்கார்ந்தே இருந்தது. அவர் பக்தர்கள் சிலர் ‘குரு என்று யாரும் இல்லை’ என்பதை அசல் குருவின் தோரணையிலேயே எனக்கு விளக்கியிருக்கிறார்கள். கலைப்பது குருவுக்கு முடிந்தது. கலைவதுதான் சீடர்களுக்கு முடியவில்லை.

ஒரு குருவை அவர் போதனையை வைத்தோ, கூட்டத்தை வைத்தோ, வகுப்பில் நமக்கு வந்த கண்ணீரை வைத்தோ நான் இப்போது எடைபோடுவதில்லை. கண்ணீர் யாருக்கும் வரும். இருட்டும் இசையும் போதும். உள்ளே வருகிறவரை எல்லா இடத்திலும் வாழையிலை போட்டுத்தான் வரவேற்பார்கள். போகிறவரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நீங்கள் எதிலாவது சேரப்போகிறீர்கள் என்றால், உள்ளே இருப்பவரின் அனுபவத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப்பிடித்து, இப்போது அவர்கள் உன்னோடு பேசுகிறார்களா என்று கேளுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.