களப்பிரர் எந்தக் குலம்?

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புத்ததத்தர் உரகபுரத்துக்காரர். உரகபுரம் நம் உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. அவர் விநய விநிச்சயம் என்ற பாலி நூலை எழுதிய இடம் சோழநாட்டுப் பூதமங்கலம். வெண்ஹுதாசர், அதாவது விஷ்ணுதாசர், என்பவருடைய விகாரையில் இருந்து அதை எழுதியதாகவும், அப்போது நாட்டை ஆண்டவன் அச்சுத விக்கந்தன் என்றும் அவரே குறித்து வைத்திருக்கிறார். அச்சுதன் என்பது, ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளைத் தொண்டரடிப்பொடியாழ்வார் விளித்த பெயர். திருமாலின் பெயரைத் தாங்கிய அரசன், திருமாலுக்கு அடியவன் என்று பெயர் வைத்துக்கொண்டு விகாரை நடத்தியவர், அங்கே அமர்ந்து பிக்குகளுக்கு ஒழுக்க நூல் எழுதிய துறவி என்று மூவரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த அச்சுதனைத்தான் களப்பிர அரசன் என்கிறார்கள். சமயத்தை அழித்த அந்நியர் என்று நெடுங்காலம் பழிக்கப்பட்ட அதே களப்பிரர்!

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வேங்கட மலைக் கள்வர் தலைவன் புல்லியின் வழியினர் என்றார் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். கன்னட நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றார் மயிலை சீனி வேங்கடசாமி. முத்தரையரே களப்பிரர் என்றும், வேளாளரில் ஒரு பிரிவான களப்பாளர் என்றும் சொன்னவர்கள் உண்டு. இத்தனை கொள்கைகளும் பெரும்பாலும் பெயரின் ஒலியொற்றுமையில்தான் நிற்கின்றன. ஹூணர் விஷயத்திலும் இதே கதைதான். சீன ஏடுகளின் ஷியோங்னுவே ஐரோப்பாவைக் கலக்கிய ஹூணர் என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ கீனே சொன்னது முதல் வாதம் ஓயவில்லை. அவர்கள் மொழியில் எஞ்சியவை இரண்டு மூன்று சொற்களும் சில ஆட்பெயர்களுமே. அந்தச் சொற்களும் அவர்களுடையவைதானா என்பது ஐயம். ஒரு கூட்டத்தின் பெயர் அதன் ரத்தத்தையும் மொழியையும் சேர்த்தே காட்டிவிடும் என்று எண்ணுவதுதான் அடிப்படைப் பிழை. படை சேரச் சேரப் பல குலத்தாரும் ஒரே பெயருக்குள் வந்துவிடுவார்கள்.

பூர்வீகம் தெரியாவிட்டால் என்ன, அவர்கள் செய்த கேடு தெரியுமே என்பார்கள். சாட்சிகளைப் பார்ப்போம். 8ஆம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு, பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி ஓர் அந்தணருக்குக் கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்ததாகவும், பிறகு கடுங்கோன் பாண்டிய ஆட்சியை மீட்டதாகவும் சொல்கிறது. இதை நான் மறுக்கவில்லை. நிலம் இழந்த குடும்பத்தின் துயரம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அது ஓர் ஊரைப் பற்றிய முறையீடு. அதை வைத்து முந்நூறு ஆண்டு ஆட்சிக்குத் தீர்ப்பெழுத முடியாது. மூர்த்தி நாயனாரைத் துன்புறுத்திய கருநாட மன்னனைப் பற்றிப் பெரியபுராணம் சொல்கிறதே என்று கேட்கலாம். சேக்கிழார் வாழ்ந்தது 12ஆம் நூற்றாண்டில். அவர் சொல்வது மதுரையில் ஆண்ட ஒரு மன்னனின் கொடுமையை. களப்பிரர் என்று அவர் பெயர் சுட்டவில்லை. ஹூணருக்கும் இப்படியே இரண்டு முகங்கள்: சீனப் பயணி யுவான் சுவாங் எழுத்தில், இந்தியாவில் ஆண்ட ஹூண அரசன் மிகிரகுலன் பௌத்தத்தை அழித்தவன், மந்தசோர் கல்வெட்டிலோ சிவனைத் தவிர யாருக்கும் தலை வணங்காதவன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். களப்பிரரை வைதிகத்தை எதிர்த்த மண்ணின் மைந்தர் என்று கொண்டாடுகிறவர்களும் குலத்தைக் கொண்டே கொள்கையை முடிவுசெய்கிறார்கள். களப்பிரர் காலத்தது என்று பலர் கொள்ளும் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு அவர்களுக்கு உதவாது. தமிழில் வெட்டப்பட்ட அதில் தேவகுலமும் வருகிறது, பிரமதேயமும் வருகிறது. திருச்சி மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் இரண்டையும் நேரில் பார்க்கலாம்: பாறையில் சமணர் படுக்கைகள், அதே பாறையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையில் கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன். படுக்கையைச் செதுக்கியவன் எந்தக் குலம், சிவனைச் செதுக்கியவன் எந்தக் குலம் என்று கல்லை வைத்துச் சொல்ல முடியாது.

ஒருவன் எங்கே பிறந்தான் என்பது அவன் சமயத்துக்கு அளவாகுமா? இதற்கு ஸ்ரீரங்கமே விடை வைத்திருக்கிறது. உறையூரில் நெற்கதிர்களிடையே கண்டெடுக்கப்பட்டுப் பாணர் குடியில் வளர்ந்தவர் என்று மரபு சொல்லும் திருப்பாணாழ்வாரை, அந்தணரான லோகசாரங்கர் தம் தோளில் சுமந்து பெருமாள் முன் கொண்டுபோனார். அந்தக் காட்சியைப் போற்றுகிற நாம், பூர்வீகம் தெரியாத ஓர் அரசகுலத்தைப் பூர்வீகம் தெரியாததாலேயே கலியின் அரசர் என்று திட்டுவது நியாயமில்லை. அவர்களை அவர்கள் செய்ததைக் கொண்டு எடை போடுவோம். அதற்கு இன்னும் கல்வெட்டுகள் கிடைக்க வேண்டும். அதுவரை களப்பிரர் காலத்துக்குச் சூட்டிய ‘இருண்ட காலம்’ என்ற பட்டத்தைப் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் விலக்கி வையுங்கள்.