முத்திரை வைத்த தராசு

வெள்ளகோவிலில் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் கொள்முதல். செடி முருங்கை, மர முருங்கை, கரும்பு முருங்கை என்று கட்டுக் கட்டாக வந்து இறங்கும். எடை போடுவது என் வேலை. தராசில் ஈய முத்திரை இருக்கிறது. தொழிலாளர் துறையில் சரிபார்த்து வைப்பது. இன்றைக்குக் காய் என்ன விலை போகும் என்று அந்த முத்திரைக்குத் தெரியாது. எடையில் பொய் இல்லை என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

எங்கள் அத்தை பால்மாடு விற்ற பணத்தை மாத வட்டிக்கென்று ஒரு கம்பெனியில் போட்டார். நாலு மாதம் வட்டி வந்தது. பிறகு ஆபீசில் பூட்டு. வீரக்குமாரசாமி கோயில் வாசலில் உட்கார்ந்து, "பேராசப்பட்டேன் கண்ணு. சாமி கூலி குடுத்துருச்சு. ஆரக் குத்தஞ் சொல்றது?" என்றார். பக்கத்திலிருந்த பெரியவர்களும், அவரவர் வினை என்றார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆசைப்பட்டது அத்தையின் வினை என்றே இருக்கட்டும். நோட்டீஸில் பொய்யை அச்சடித்தது யார் வினை? எடையில் ஏமாந்த விவசாயியிடம் 'உன் விதி' என்று நான் சொன்னால், அது சாமியின் பேரில் பழிபோடுவது.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும், 1992இல் சட்ட அதிகாரம் பெற்ற செபியின் வேலையையும் நான் அந்த முத்திரையை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். பங்கு விலை விழுந்தால் செபி ஈடு கட்டாது. பணம் திரட்டுகிறவர் பதிவு செய்தவரா, உள்ளதை மறைக்காமல் சொன்னாரா என்று பார்க்கும். மக்களிடம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம், நாங்கள் விற்பது விவசாய நிலம் என்று வாதாடியது. ஊரார் பணத்தை ஒன்றாகத் திரட்டினால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம், பதிவில்லாமல் நடத்தக் கூடாது என்றது செபி. திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2014 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. நிலங்களை விற்று, சிறு தொகை போட்டவர்களுக்கு முதலில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். இத்தனை வருஷத் தாமதம் அநியாயம்தான். ஆனாலும் அந்தக் குழு யாரிடமும் 'ஏன் ஆசைப்பட்டாய்' என்று கேட்கவில்லை. ரசீதைக் கேட்டது. எனக்குத் தெரிந்த தர்மம் அதுதான்.

அத்தையின் ரசீது சாமி படத்துக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது. அடுத்த வாரம் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு ரசீது இருந்தால், வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள்; எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள்.