சனிக்கிழமை ஆர்டர்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவனுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் கொஞ்சம் வெட்டி நேரம் உண்டு. லேப் டிப்புக்கு அப்ரூவல் வரவேண்டும். அமெரிக்காவில் பையர் காலையில் ஆபீஸ் வந்து மெயிலைத் திறந்தால்தான் அது வரும். அதுவரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் நான் அட்லாண்டிஸ் ஆட ஆரம்பித்தேன்.

படமும் சத்தமும் இல்லாத விளையாட்டு இது. 1993-ல் ரஸ்ஸல் வாலஸ் என்பவர் எழுதியது, பிறகு பலர் கைபட்டு வளர்ந்தது. உங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், பக்கத்தில் காடா மலையா, சந்தையில் குதிரை என்ன விலை என்று ஒரு ரிப்போர்ட் மெயிலில் வரும். அதைப் படித்து ஒவ்வொரு யூனிட்டும் அடுத்த மாதம் என்ன செய்யவேண்டும் என்று ஆர்டர் எழுதி அனுப்ப வேண்டும். எல்லாருடைய ஆர்டரும் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டர் மொத்தமாக ஓட்டும், விளையாட்டில் ஒரு மாதம் நகரும். எங்கள் ஆட்டத்தில் அது வாரா வாரம் சனிக்கிழமை ராத்திரி.

மந்திரவாதி, டிராகன் என்று ஆசை காட்டித்தான் உள்ளே இழுக்கிறார்கள். உள்ளே போனால் நம்ம ஊர் கணக்குப்பிள்ளை வேலை. ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் இவ்வளவு வெள்ளி என்று செலவு, கொடுக்காவிட்டால் பட்டினி. புது யூனிட் உருவாக்கினால் அதன் ஆர்டர்களை முடித்து 'எண்ட்' என்று ஒரு வரி போட வேண்டும். முதல் வாரமே அதை மறந்தேன். அதற்குக் கீழே தலைவனுக்கு எழுதியதெல்லாம் புதிதாகச் சேர்ந்த கூலிக்காரர்கள் கணக்கில் போய்விட்டது. என் பேரரசின் முதல் மாதத்தில் தலைவன் சும்மா நின்றான், கூலிக்காரர்கள் மந்திரம் படிக்கப் போனார்கள். சைஸ் ரேஷியோவில் ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டு கட்டிங் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு இந்த வலி புதிதல்ல.

தபாலில் விளையாடுவது நமக்கு அந்நியமும் இல்லை. மெட்ராசும் ஐதராபாத்தும் கடிதம் மூலம் ஆடிய இரண்டு சதுரங்க ஆட்டங்களைச் சேர்த்து குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேனும் 1829-ல் மெட்ராசில் ஒரு புத்தகமே போட்டார்கள். ஆனால் சதுரங்கத்தில் எதிராளிக்கு வாக்கு கொடுக்க வேண்டிய அவசியம் வராது. வாக்கு உள்ளே வந்தது ஆலன் கல்ஹாமரின் 'டிப்ளமஸி'யில். 1959-ல் வெளியான அந்த ஆட்டத்தை 1963-ல் ஜான் போர்டுமன் தபாலுக்குக் கொண்டுபோனார். 1970-ல் ரிக் லூமிஸ் தபால் ஆட்டத்தை ஒரு தொழிலாகவே ஆக்கினார். (கல்ஹாமர் பின்னாளில் தபால்காரராக வேலை பார்த்தார். கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.) டிப்ளமஸியில் நீங்கள் இரண்டு கடிதம் எழுதுகிறீர்கள். கூட்டாளிக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே விஷயம் இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. கொடுத்த வாக்கு யாரையும் கட்டாது என்பதுதான் விதி.

அட்லாண்டிஸில் என் பக்கத்து தேசம் ஒரு போலந்துக்காரருடையது. என்னை விடப் பழைய ஆள். 'எண்ட்' போடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நான்கு மாதம் ஒருவரை ஒருவர் நட்பு என்று அறிவித்து ஆடினோம். காவல் நிற்கும் யூனிட் நட்பு இல்லாதவனை உள்ளே விடாது, நண்பனை விடும். அவருடைய பட்டணத்தில் இரும்பு இருந்தது, எனக்கு இல்லை. ஒரு வாரம் என் படையை அவர் பட்டணத்துக்குள் அனுப்பினேன். 'வடக்கே போகிற வழி' என்று எழுதினேன். அடுத்த வாரம் அவருக்கு 'நாளைக்குக் கிளம்பிவிடுவேன்' என்று ஒரு மெயில், சர்வருக்கு 'அட்டாக்' என்று ஒரு மெயில். பட்டணம் என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பிட முடியவில்லை. இது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், சண்டை போடத்தானே எல்லாரும் சேர்ந்திருக்கிறோம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மத்தியானம் அவர் பதில் வந்தது: நல்ல மூவ், எதிர்பார்க்கவில்லை, ஆனால் இரும்பை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, பார்க்கலாம். கூடவே ஒரு சிரிப்பு. அப்படியும் மனசு ஆறவில்லை.

அதே வாரம் புதன்கிழமை நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். மங்கலம் ரோட்டில் எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு பவர் டேபிள்காரர் இருக்கிறார். எட்டு மெஷின். பையர் ஆர்டரைத் தள்ளிப்போட்டு அனுப்பிய மெயிலை அன்று காலையே படித்துவிட்டேன். மேனேஜர், "அவர் வேற வேலை எடுத்துட்டா நமக்கு லைன் கிடைக்காது, ஹோல்டு பண்ணி வை" என்றார். போன் போட்டேன்.

"திங்கக்கிழமை கட்டிங் வந்துருங்கண்ணா."

"வந்துருங்களா தம்பி? வேற கம்பெனி கேட்டுட்டு இருக்காங்க, அதான்."

"வந்துருங்க."

"சரிங்க தம்பி, நீங்க சொன்னாப் போதும்."

திங்கட்கிழமை எதுவும் போகவில்லை. டைலர்கள் வேறு இடம் போய்விடக் கூடாதென்று அந்தச் சனிக்கிழமை அவர் தன் கையிலிருந்து அட்வான்ஸ் கொடுத்ததாக எங்கள் செக்கிங் அக்கா சொன்னார். பீஸ் ரேட் ஆட்களுக்கு வேலை இல்லாத வாரம் சம்பளம் இல்லாத வாரம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை நான் நன்றாகச் சாப்பிட்டேன். கேரியரில் தக்காளி சாதம் என்றுகூட ஞாபகம் இருக்கிறது.

பொய் சொல்ல அனுமதி இருந்த இடத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி. அனுமதியே இல்லாத இடத்தில் ஒன்றுமில்லை. ஏன் இப்படித் தலைகீழாக?

1938-ல் வந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் ஹய்ஸிங்கா விளையாட்டை ஒரு வட்டத்துக்குள் நடப்பதாகப் பார்க்கிறார். உள்ளே வருகிறவர்கள் தெரிந்தே வருகிறார்கள், அங்கே வேறு விதி. போலந்துக்காரர் அந்தக் கோட்டைத் தாண்டி, ஏமாறவும் சம்மதித்து வந்தவர். மங்கலம் ரோட்டுக்காரர் எந்த வட்டத்துக்குள்ளும் வரவில்லை. அவரைச் சுற்றி நான்தான் அவருக்குத் தெரியாமல் கோடு போட்டேன். 'பிசினஸ்னா அப்படித்தான்' என்று நாம் சொல்வது அந்தக் கோட்டைத்தான். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் திறந்து வைத்த சின்ன ஜன்னலைக் காட்டி, கம்பெனி நன்றாக இருந்தால்தானே எல்லாருக்கும் வேலை என்று மேனேஜர் தப்பிக்கலாம். அந்த ஜன்னலில் குற்றம் இல்லாத நன்மை என்று ஒரு கம்பி இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் என் மரத்த மனசுக்கு இது மட்டும் காரணமில்லை. விளையாட்டில் 'அட்டாக்' என்ற வரியை என் கையால் அடித்தேன். மேலே யாரும் இல்லை. ஆபீசில் நான் சும்மா கடத்துகிறவன்: பையர் சொன்னதை மேனேஜருக்கு, மேனேஜர் சொன்னதை டேபிள்காரருக்கு. மெயிலில் ஃபார்வர்டு அடிப்பது போல ஒரு பொய்யையும் ஃபார்வர்டு அடித்தேன். வாய் என்னுடையது, வாக்கு கம்பெனியுடையது என்று எங்கேயோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரோ கம்பெனி சொன்னால் போதும் என்று சொல்லவில்லை. நீங்க சொன்னாப் போதும் என்றார்.

பத்து நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டுக்குப் போனேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை என்று மற்றவர்கள் நினைப்பார்கள், எனக்கு நேரில் சொல்லத்தான் இல்லை. இரண்டு ஓவர்லாக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

"நீங்க இழுத்துப் பேசுனப்பவே எனக்கும் தெரியுங்க தம்பி" என்றார். 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடிய காலத்தைச் சொன்னார். அப்போது எத்தனை கம்பெனி 'அடுத்த வாரம்' என்று சொன்னது, எவை சொன்னபடி செய்தன என்று இன்றைக்கும் விரல் விட்டுச் சொல்கிறார். "சந்தேகப்பட்டா தொழில் பண்ண முடியாதுங்க. அடுத்த வாட்டி இல்லைன்னா இல்லைன்னு சொல்லிப்போடுங்க."

அந்த அட்வான்ஸை என்ன செய்வது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் அதிகாரம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன்.

போன மாதம் மேனேஜர் மறுபடி "ஹோல்டு பண்ணி வை" என்றார். "ஆர்டர் இன்னும் உறுதி ஆகலைங்கண்ணா, வேற வேலை வந்தா எடுத்துக்கங்க" என்று டேபிள்காரரிடம் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை எங்கள் ஆர்டர் உறுதியானது. கட்டிங் பீஸ் எல்லாம் மூட்டை கட்டி வராண்டாவில் கிடக்கிறது, தைக்க லைன் இல்லை. என்ன ஆச்சு என்று மேனேஜர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை.