உருண்டை என்று வைத்துக்கொண்டால்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் கடவுளைப் பற்றி வாதம் தொடங்குமுன்பே, அறியும் வழிகளான அளவைகளைச் சொல்லிவிடுகிறார்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது), உரை (அருளாளர் சொல்). எதைக் கொண்டு அறிந்தாய் என்பதை முதலில் வை, பிறகு அறிந்ததைப் பேசு என்கிற அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. ராமநாதபுரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தே வயதானவள் நான், சைவக் குடும்பம்.

கருதல் எவ்வளவு தூரம் போகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, பாக் விரிகுடாத் தண்ணீரை (பெண்கடல் என்போம் இங்கே) இரவு முழுக்கத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் கண்ணாடிக் குவளையில் எடுத்து, இருட்டறையில் லேசர் விளக்கை அடிப்பேன். தெளிவாகத் தெரிந்த நீருக்குள் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே எழும். உற்றுப் பார்த்தால் கோட்டுக்குள் பொடிப்பொடியாக மினுக்கம். ஒரு புள்ளி எரியும், அணையும், பக்கத்தில் இன்னொன்று எரியும். கண்ணில் படுவது துகள் அல்ல, அது சிதறடித்த ஒளி.

துகள் சிறிதானால் நீர் மூலக்கூறுகள் மோதி வேகமாக அலையும், மினுக்கமும் சட்சட்டென்று மாறும். பெரிதானால் எல்லாம் மெதுவாக. அலையும் வேகத்திலிருந்து பருமனைக் கணக்கிட ஐன்ஸ்டைன் 1905-இல் வழி சொன்னார். அதை வைத்துத்தான், மினுக்கத்தை அளக்கும் ஆய்வகக் கருவி 200 நானோமீட்டர் என்று எண் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

அந்தக் கணக்குக்குள் நீரின் வெப்பநிலை, பாகுநிலை இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது: துகள் உருண்டை என்று வைத்துக்கொள்கிறோம். களிமண் துகளோ தகடு. ஆகவே கருவி சொல்வது இவ்வளவுதான்: இதே வேகத்தில் அலைகிற உருண்டை ஒன்று இருந்தால் அதன் விட்டம் 200 நானோமீட்டர். உருண்டை நாம் கொடுத்தது. அதற்காகத் துகளே இல்லை என்று எந்த ஆய்வாளரும் சொல்வதில்லை.

கடவுளின் உருவத்துக்கும் இது பொருந்தும். ராமேஸ்வரத்து லிங்கமான ராமநாதசுவாமியைச் சீதை மணலில் பிடித்துவைத்தாள் என்கிறது தலபுராணம். வடிவம் கையால் வந்தது என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற தலத்தில், 'உருவம் நீங்கள் செய்தது, எனவே உள்ளே ஒன்றுமில்லை' என்னும் வாதம் செல்லாது. என் வடிவம் மட்டுமே மெய் என்பதும் செல்லாது. வேதாந்த சித்தாந்த சமரசம் பேசிய தாயுமானவர் அடங்கிய ஊர்க்காரி நான்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது, அதை மறைக்கக் கூடாது. கருவியை நம்புமுன், அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் உருண்டைகளைப் போட்டுச் சரிபார்க்கிறோம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றைத் தனியே பார்த்து அளந்திருக்கிறார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிபவனும் அடுக்களையில் இரண்டையும் சேர்த்துக் கண்டவன்தான். குடத்தைக் கண்டு குயவனை அறிவதும் அப்படியே. உலகத்தைக் கண்டு அதைச் செய்தவனை அறியவோ, வேறோர் உலகம் செய்யப்படுவதை நாம் பார்த்ததில்லை. கருதலுக்கு அங்கே பிடிமானம் குறைகிறது. உரை வேண்டியிருப்பது அங்கேதான். தர்க்கத்தாலேயே நிறுவிவிட்டேன் என்று மேடையில் முழங்குபவரைவிட, அருளாளர் சொல்லே எனக்குச் சான்று என்று சொல்லிவிட்டுக் கும்பிடுகிறவரிடம் எனக்கு மதிப்பு அதிகம். நான் கும்பிடுவதும் அப்படித்தான்.