நன்றி சொல்ல ஆளில்லாத அறம்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிப் போகும் ஜாலான் டிராவர்ஸுக்கு ஒரு மருத்துவரின் பெயர். டாக்டர் இ. ஏ. ஓ. டிராவர்ஸ், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சிலாங்கூர் மாநிலத்தின் தலைமை அரசு மருத்துவர். இன்றைய வழக்கில் மாநில சுகாதார இலாகா இயக்குநர் என்று சொல்லலாம். அவர் நாடி பிடித்துக் குணமானவர்களின் பெயர்கள் மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்திருக்கும். அவர் காலத்தில் வெட்டிய வடிகால்களால் காய்ச்சலே வராமல் தப்பியவர்களுக்கோ எந்தப் பதிவேடும் கிடையாது. தப்பினோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

யாருடைய முகத்தையும் பாராமல், கோப்பிலும் கணக்கிலும் செய்கிற இந்த வேலை தொண்டாகுமா?

ஆகாது என்று சொல்லத் தமிழ் மரபிலேயே வலுவான காரணம் இருக்கிறது. 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்த வள்ளலாருக்கு, பசித்தவன் கண்ணெதிரே நின்றான். அங்கே கருணை பார்வையில் பிறக்கிறது, சோற்றுக் கையில் முடிகிறது. ஷா ஆலாம் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் மாநில சுகாதார இயக்குநரின் முன்னால் வருவதோ வாராந்திர டெங்கி அட்டவணை.

ஆனால் அதே மரபில் அப்பரும் இருக்கிறார். உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லைச் செதுக்கியவர். அந்தப் பணியால் பயன் பெற்றவர் யார் என்று ஒருவரைச் சுட்டிக் காட்ட முடியாது. அடுத்து அந்த வழியாக நடக்கப் போகிறவர் எவரோ, அவருடைய பாதத்துக்காகச் செய்த வேலை அது. பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் நம் சமயத்தில் இல்லை.

சிலாங்கூரின் கிள்ளானில் அப்படிப்பட்ட வேலை கண்ணெதிரே நடந்தது. 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற 27 வயது மருத்துவர் அங்கே மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். நகரைச் சுற்றிச் சதுப்பு, வீட்டுக்கு வீடு மலேரியா. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், சில வாரங்களிலேயே தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சுருண்டு விழுந்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவை நம்பி, காட்டை அழிக்கவும் வடிகால் வெட்டவும் கடல்நீரைத் தடுக்கக் கரை கட்டவும் அரசுப் பணம் கேட்டார் வாட்சன். அவருக்குப் பின்னால் நின்றவர் டிராவர்ஸ்.

மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை வாட்சன் ஊர்வாரியாகப் பிரித்து எழுதினார். கிள்ளான் நகரத்தவர் 1901-இல் 334 பேர், 1905-இல் 12 பேர். துறைமுகத்தில் 188 பேர் 11 ஆகக் குறைந்தார்கள். மூன்றாவது வரி, ‘மாவட்டத்தின் பிற பகுதிகள்’. அங்கே 197 பேர் 353 ஆக உயர்ந்தார்கள்.

விஞ்ஞானிக்கு அந்த மூன்றாவது வரி ஒரு சான்று. வடிகால் வெட்டிய இடத்தில் நோய் குறைந்தது, வெட்டாத இடத்தில் குறையவில்லை. தமிழ் வாசகருக்கு அது வேறொன்று. பிற பகுதிகள் என்றால் ரப்பர் தோட்டங்கள் திறந்துகொண்டிருந்த புறநகர். அங்கே மரம் வெட்டியவர்களிலும் லயங்களில் படுத்தவர்களிலும் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வடிகாலின் எல்லை முடிந்த இடத்தில் அவர்களுடைய காய்ச்சல் தொடங்கியது. கோடு எங்கே போடப்படுகிறது என்பது பொறியியல் முடிவு மட்டும் அல்ல, அறத்தின் முடிவும்கூட.

வாட்சன் அந்த வரியை மறைக்கவில்லை. பின்னாளில் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கே மருத்துவராகப் போனார். மலையடிவாரத் தோட்டங்களில் அதிர்ச்சி காத்திருந்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டியதும் நிழலை விரும்பும் கொசு ஒழிந்தது. மலையில் அதையே செய்தபோது, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் அனாபிலிஸ் மாகுலேட்டஸ் என்ற வேறு இனம் பெருகியது. ஓரிடத்தில் உயிர் காத்த வேலை, இன்னோரிடத்தில் உயிர் குடித்தது. பிறகுதான் நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளிப்பும் வந்தன.

கர்மயோகத்தை இங்கே கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பலனில் பற்று வைக்காதே என்பதை அலுவலகத்தில் தவறாகப் புரிந்துகொள்வது எளிது: சுற்றறிக்கை அனுப்பியாயிற்று, கடமை முடிந்தது. சுகாதாரத் தலைவர் துறக்க வேண்டியது புகழையும் நன்றியையும்தான். விளைவை அவர் துறக்கக் கூடாது. எண்ணிக்கையை விடாமல் பார்ப்பதும், அது தனக்கு எதிராகத் திரும்பும்போது முறையை மாற்றிக்கொள்வதும் அவருடைய சாதனையின் பகுதி.

முகம் பாராமல் முடிவெடுக்கும் பாரத்தை 2021 ஜூலையில் நாடே பார்த்தது. கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. டாக்டர் சோங் சீ கியோங் தலைமையில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கெனத் தனிப் பணிக்குழு அமைந்தது. கோவிட் நோயாளிக்குப் படுக்கை ஒதுக்கினால், அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்த வேறொருவரின் நாள் தள்ளிப்போகும். இருவரையும் நேரில் பார்த்திருந்தால் எந்த மனிதராலும் அந்த முடிவை எளிதில் எடுத்திருக்க முடியாது. பாராமல் எடுக்க வேண்டியிருப்பதுதான் அந்தப் பதவியின் துயரம். பெரியவர்கள் அனைவருக்கும் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் ஒரு தவணையாவது தடுப்பூசி என்று இலக்கு வைத்து இயங்கிய அந்த வாரங்களில் காப்பாற்றப்பட்டவர்கள் இன்று கடைத்தெருவில் நம்மோடு நடக்கிறார்கள், தாங்கள்தான் அவர்கள் என்று அறியாமலேயே.

மூன்றாவது வரியில் இன்று நிற்பவர்கள் பங்களாதேஷ், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கட்டுமானத் தளங்களின் கொங்சி வீடுகளில் நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள். ஆவணமில்லாத நோயாளிகள் வந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் தரும்படி அரசு மருத்துவமனைகளைப் பணித்த சுற்றறிக்கை 2001-இல் வெளியானது. பிடிபடுவோம் என்று பயப்படுகிறவர் காசநோயோடு கொங்சியிலேயே இருமிக்கொண்டிருப்பார். அந்த உத்தரவை ஒரு மாநில இயக்குநர் தனியாக நீக்க முடியாது. ஆனால் நடமாடும் கிளினிக்கை அந்தத் தளங்களுக்கு அனுப்ப முடியும். பயத்தால் வராமல் நின்றவர்களைப் பற்றித் தன் ஆண்டறிக்கையில் எழுதி, கையெழுத்திட்டு, புத்ராஜெயாவுக்கு அனுப்பவும் முடியும். தோட்டத்து லயங்களில் காய்ச்சலோடு கிடந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று அதே இலாகாவில் மருத்துவர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறார்கள். அந்த அறிக்கையை எழுதும் இடத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.