விடையும் வழியும்

இரத்தினபுரித் தோட்டப்புற மாணவனொருவன் இருபடிச் சமன்பாடொன்றைக் கைத்தொலைபேசியில் இட்டான். இமைப்பொழுதில் மூலங்களும் வரைபும் திரையில் தோன்றின. "விடை சரிதானே, சேர், வழி எதற்கு?" என்றான்.

இக்கேள்வியை அதட்டி அடக்குதல் ஆசிரியனுக்கு அழகன்று. 1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய மக்சைமா போன்ற அட்சரகணித மென்பொருள்கள், மனிதன் நாட்கணக்கில் செய்ததை நொடியில் செய்கின்றன. அவ்வுழைப்புக் குறைவது நன்றே.

ஆனால், வழியறியா விடையின் கொடுமை எம் மக்களுக்குப் புதிதன்று. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, தோட்டம் மாறும் தொழிலாளி தீர்க்கவேண்டிய கடன்தொகை 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. தொகை கண்முன் நின்றது. அது திரண்ட வழி கங்காணியின் கணக்கில் மறைந்திருந்தது. எழுத்தறியாதவன் "எப்படி?" என்று கேட்க இயலவில்லை, அந்த எண்ணே அவனுக்கு விலங்காயிற்று.

இயந்திரம் கங்காணியன்று, எவரையும் வஞ்சிக்க அது நினைப்பதில்லை. எனினும், காட்டிய எண்ணைக் கேள்வியின்றி ஏற்கும் பழக்கம் எங்கும் ஒன்றே. இன்று திரையை நம்புபவன், நாளை சம்பளச் சீட்டின் கழிவுகளையும் அவ்வாறே நம்புவான்.

ஆகவே அவனிடம் சொன்னேன்: "கருவியைப் பயன்படுத்து, தம்பி, முதலில் உன் கையால் ஒருமுறை வழி காண். விடை இயந்திரத்தினுடையதாயிருக்கலாம், 'எப்படி?' என்று கேட்கும் உரிமை உன்னுடையது. அதை எவரிடமும் அடகு வைக்காதே."