பிறந்த வருஷத்தைப் போட்டுக் கொடுத்தது யார்?

இன்னைக்கு கொஞ்சம் பெரிய பதிவு. வேலையை முடிச்சிட்டு நிதானமா படிங்க. பாதியில விட்டுட்டு ஃபார்வர்டு மட்டும் பண்ணிடாதீங்க.

போன கிருத்திகை அன்னைக்கு கோயில் வரிசையில நின்னுட்டு இருந்தேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னாடி ஒரு குடும்பம். அப்பா இடுப்புல நாலு வயசு இருக்கும் ஒரு பையன், கையில போன், ஏதோ கார்ட்டூன் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு மணி நேரமா சத்தமே இல்ல, அவ்வளவு சமர்த்து. சன்னதி கிட்ட வந்ததும் அப்பா "சாமி பாரு கண்ணா"ன்னு போனை வாங்கினார். அவ்வளவுதான். அந்தக் குழந்தை போட்ட கூச்சல்ல தீபாராதனை மணியே கேக்கல. அப்பா முகத்துல அடிச்சான், அம்மா தலைமுடியைப் பிடிச்சு இழுத்தான். வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. ஒரு பாட்டி "என்ன வளர்ப்போ"ன்னு வாய்விட்டே சொன்னாங்க. நானும் 'உச்' கொட்டினேன். அந்த அம்மா யாரையும் பார்க்காம, தரையைப் பார்த்துட்டே, "கூட்டத்துல அழுவான்னுதாங்க கொடுத்தோம்"னு சொன்னாங்க.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்தக் குரல் காதுலயே இருந்துச்சு. ஏன்னா, உச் கொட்டுற யோக்கியதை எனக்கு இல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க அக்கா திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வருவா. அவளுக்கு ஒரே பையன். 2020-ல பள்ளிக்கூடம் எல்லாம் மூடினப்போ அவன் ஆறாம் வகுப்பு, பதினொரு வயசு. ஆன்லைன் வகுப்புக்கு போன் வேணும்னு சொன்னாங்க. அக்கா சீட்டுப் பணத்துல ஒரு போன் வாங்கினா. "உனக்குத்தான்டா இதெல்லாம் தெரியும், எல்லாம் போட்டுக் குடு"ன்னு என்கிட்ட தந்தா.

நான் போட்டுக் கொடுத்தேன். கணக்கு தொடங்கும்போது பிறந்த வருஷம் கேட்டுச்சு. 2009-னு உண்மையைப் போட்டா, பெற்றோர் அனுமதி அது இதுன்னு சுத்தி வளைக்கும். எனக்கு அவசரம். என் பிறந்த வருஷத்தையே போட்டேன், 1996. உடனே எல்லாம் திறந்துகிச்சு. வகுப்புக்கு வேண்டியதோட, அவன் கேட்டான்னு ஒரு துப்பாக்கி விளையாட்டையும் நானே இறக்கிக் கொடுத்தேன். "மாமான்னா மாமாதான்"னு கட்டிப்பிடிச்சான். பெருமையா இருந்துச்சு.

நான் என்ன செஞ்சேன்னு அன்னைக்குப் புரியல. அந்தப் போனைப் பொறுத்தவரை அதை வச்சிருக்கிறது 24 வயசு ஆம்பளை. அதுக்கு ஏத்த விளம்பரம், அதுக்கு ஏத்த வீடியோ, அந்த வயசுக்காரங்களோட அரட்டை. பிள்ளைகளுக்குன்னு கம்பெனிகள் வைக்கிற பாதுகாப்பு எவ்வளவு உருப்படியானதுங்கிறது தனிக் கதை. ஆனா அதுல முக்காவாசி, நாம சொல்ற பிறந்த தேதியை நம்பித்தான் வேலை செய்யுது. அந்த ஒரு கதவையும் நானே தாழ் நீக்கி விட்டுட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் அக்கா பால் காசு அனுப்பப் பார்த்தா கணக்குல பணம் இல்ல. எண்பது, நூத்தி அறுபது, இருநூத்தி நாப்பதுன்னு சின்னச் சின்னதா நாலாயிரத்துச் சொச்சம் போயிருந்துச்சு. விளையாட்டுல வைரம் வாங்கியிருக்கான். பின் நம்பர் எப்படித் தெரியும்னு கேட்டா, "நீதானம்மா கரண்ட் பில் கட்டச் சொல்லி குடுத்தே"ங்கிறான். அக்கா அவனை அடிச்சா. அப்புறம் என்னைப் பார்த்து அழுதா. "எனக்கென்னடா தெரியும்? வீட்டுக்குள்ளயே இருக்கான், கண்ட பசங்களோட சுத்தாம இருக்கான்னு நிம்மதியா இருந்தேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் பல நாள் யோசிச்சிருக்கேன் நட்புகளே. நம்ம வீடுகள்ல ஆபத்துன்னா அது வெளியே இருக்கிற விஷயம். ரோடு, லாரி, கிணறு, தெரியாத ஆள். பிள்ளை நிலைப்படியைத் தாண்டினாத்தான் பயம். கிணத்துக்கு மூடி போடவும் மாடிக்குக் கம்பி வைக்கவும் நம்ம அம்மா அப்பாக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ரத்தத்துலயே இருக்கு. பாய்ல படுத்துகிட்டு, போர்வைக்குள்ள, ஒரு வெளிச்சத்தைப் பார்த்துட்டு இருக்கிற பிள்ளை ஆபத்துல இருக்குன்னு அந்தப் பழைய அறிவு சொல்லாது. அது "பத்திரமா இருக்கான்"னுதான் சொல்லும்.

அப்போ கேள்வி இதுதான். தெரியாம நடந்ததுக்குப் பொறுப்பு உண்டா?

தெரியாமைல ரெண்டு வகை இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒண்ணு, தெரிஞ்சுக்க வழியே இல்லாதது. பன்னெண்டு மணி நேரம் நின்னுகிட்டே பீஸ் அடுக்கிட்டு வர்ற ஒருத்திகிட்ட 'ஸ்க்ரீன் டைம் பாத்தியா, ப்ரைவசி செட்டிங் பாத்தியா'ன்னு கேக்குறது அநியாயம். இன்னொண்ணு, தெரிஞ்சா நாம எதையாவது செய்ய வேண்டி வருமேன்னு தெரிஞ்சுக்காமலே இருக்கிறது. இது வசதியான தெரியாமை. பிள்ளை கையில போன் இருக்கிற வரைக்கும் வீடு அமைதியா இருக்கு, சோறு ஆக்கலாம், சீரியல் பார்க்கலாம், நாமளும் நம்ம போனைப் பார்க்கலாம். அந்த அமைதி எங்கிருந்து வருதுன்னு கேக்க மனசு வராது. அக்காகிட்ட முதல் வகை நிறைய இருந்துச்சு, ரெண்டாவது கொஞ்சம் இருந்துச்சு. என்கிட்ட இருந்தது முழுக்க முழுக்க ரெண்டாவதுதான்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல தெரிஞ்சது, இது பிள்ளையோட 'கெட்ட புத்தி' மட்டும் இல்லைங்கிறது. விரலால தள்ளத் தள்ள முடிவே இல்லாம வந்துட்டே இருக்கே, அந்த ஏற்பாட்டை 2006-ல உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பிற்பாடு அவரே அதுக்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கார். பழைய புத்தகத்துல பக்கம் முடியும், சினிமாவுல இடைவேளை வரும். அந்த இடத்துல மனசு ஒரு நொடி நின்னு 'போதுமா?'ன்னு கேக்கும். அந்த நொடியைத்தான் எடுத்துட்டாங்க. அப்புறம் ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் புறாக்களை வச்சுச் செஞ்ச சோதனை. கொத்தினா ஒவ்வொரு தடவையும் தீனி வந்தா புறா பசிக்குத் தக்க கொத்தும். எப்போ வரும்னு தெரியாம வந்தா, விடாம கொத்திட்டே இருக்கும். அடுத்த ரீல் நல்லா இருக்குமா, அடுத்த பெட்டியில வைரம் வருமா... வளர்ந்த நமக்கே விரல் நிக்க மாட்டேங்குது. பதினொரு வயசுப் பையன்கிட்ட 'கட்டுப்பாடு இல்லையா'ன்னு கேட்டா எப்படி?

ரெண்டாவது, மணிக்கணக்கை மட்டும் எண்ணிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஏத்துகிட்டு 2022 ஜனவரியில நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியல்ல, விளையாட்டுக்கு அடிமையாகிற நிலையும் ஒரு கோளாறா சேர்க்கப்பட்டிருக்கு. அங்க 'இத்தனை மணி நேரம்'னு கணக்கு கிடையாது. நிறுத்த நினைச்சும் நிறுத்த முடியலையா, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாத்துக்கும் மேல அது வந்துடுச்சா, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடருதான்னு பார்க்கிறாங்க. அதுவும் பொதுவா ஒரு வருஷமாவது அப்படி இருக்கணும். லீவுல நாலு நாள் விளையாடின பிள்ளைக்கு நோய்ப் பட்டம் கட்டிடாதீங்க. ரொம்பக் கைமீறிப் போச்சுன்னா பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில 2014-ல இருந்தே இதுக்குன்னு தனி கிளினிக் நடக்குது.

சட்டத்தை நம்பலாமான்னா, ஓரளவுக்குத்தான். தென் கொரியாவுல 2011-ல ஒரு சட்டம் போட்டாங்க. பதினாறு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க நடுராத்திரியில இருந்து காலை ஆறு மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது. பிள்ளைங்க என்ன பண்ணாங்க? அப்பா அம்மா அடையாள எண்ணைப் போட்டு உள்ள போனாங்க. பத்து வருஷத்துல அந்தச் சட்டமே போயிடுச்சு. படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. அங்க பிள்ளைங்க திருட்டுத்தனமா செஞ்சதை இங்க நான் மாமா முறையில உட்கார்ந்து செஞ்சு கொடுத்திருக்கேன். நம்ம நாட்டுல 2023-ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயசு வரைக்கும் குழந்தைன்னு சொல்லி, பெற்றோர் சம்மதம் கேக்குது. நல்லதுதான். ஆனா அந்தச் சம்மதத்தை அழுத்தப் போறது யார்? அக்கா கையில போனை வாங்கி, "இங்க அழுத்துக்கா"ன்னு சொல்லப் போற உங்களையும் என்னையும் மாதிரி ஒருத்தர்தான்.

இனிமே சொல்லப் போறது சொல்லக் கஷ்டமானது.

அவனுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, முகமே சரியில்லன்னு அக்கா சொன்னா. சோறு இறங்கல, கேட்டா எரிஞ்சு விழுறான். ஒருநாள் அவன் தூங்கினப்புறம் அவன் போனை நான் திறந்தேன். அவன்கிட்ட கேக்கல. விளையாட்டுல பழகின ஒரு ஆள், 'ப்ரோ'ன்னு கூப்பிடுறான். முதல்ல வைரம் பரிசா அனுப்பியிருக்கான். அப்புறம் வேற ஆப்புக்கு வரச் சொல்லியிருக்கான். அப்புறம் சட்டை இல்லாம போட்டோ கேட்டிருக்கான். பையன் அனுப்பல. ஆனா அனுப்பாததுக்காக மிரட்டல் வர ஆரம்பிச்சிருந்துச்சு. கை நடுங்கிடுச்சு எனக்கு. அந்த வருஷத்தைப் போட்டவன் நான்தானே.

எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். 1930-க்குக் கூப்பிட்டேன், சைபர் குற்றப் புகார் கொடுத்தோம். (குழந்தைங்க சம்பந்தப்பட்ட எதுக்கும் 1098 இருக்கு, ரெண்டையும் போன்ல சேமிச்சு வைங்க.) ஆள் அப்புறம் வரல. ஆனா நான் போனைத் திறந்தது தெரிஞ்சப்போ பையன் ஒரே வார்த்தைதான் கேட்டான். "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல மாமா?" அதுக்கப்புறம் எட்டு மாசம் என்கூடப் பேசல.

நான் செஞ்சது சரியா தப்பா? பார்த்தது சரிதான்னு இன்னைக்கும் சொல்வேன். பார்க்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு. ஒளிஞ்சு பார்த்ததுதான் தப்பு. எட்டு வயசுப் பிள்ளைக்குப் போன்ல ரகசியம்னு ஒண்ணு தேவையில்ல. பதினஞ்சு வயசுல தேவை. அது இல்லாம மனுஷன் வளர முடியாது. நடுவுல இருக்கிற அந்த ஏழு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கையை எடுக்கணும். 'நான் பார்ப்பேன், பார்க்கும்போது உன் முன்னாடி பார்ப்பேன்'னு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தா, அவனே வந்து காட்டியிருப்பானோ என்னமோ. அடி விழும், போனைப் பிடுங்குவாங்கன்னு பயம் இருக்கிற வீட்டுல எந்தப் பிள்ளையும் மிரட்டலைக் கொண்டு வந்து காட்டாது. வைரம் வாங்கினதுக்கு விழுந்த அடியை அவன் மறக்கவே இல்ல. அந்த ஆளுக்கு அதுதான் வசதியாப் போச்சு.

பெத்தவங்களுக்குத் தெரியாதது பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குங்கிறது நமக்கு ஒண்ணும் புது விஷயம் இல்லையே. சுவாமிமலையில அப்பனே பிள்ளை முன்னாடி கைகட்டிக் கேட்டார்னு சொல்லித்தானே நம்மளை வளர்த்தாங்க. ஆனா நம்ம வீட்டு அப்பாக்களுக்கு பையன்கிட்ட "இது என்னப்பா, எனக்குச் சொல்லு"ன்னு கேக்க நாக்கு எழாது. தெரியாததைக் காட்டிக்கக் கூடாதுன்னு அதட்டல் வரும். அதட்டினதும் பேச்சு அங்கயே முடிஞ்சிடும்.

அக்கா இப்போ கேக்குறா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அவன் பக்கத்துல உட்கார்ந்து, "இந்த வாரம் என்னடா பார்த்தே, எனக்கும் காட்டு"ங்கிறா. பாதி அவளுக்குப் புரியாது. சில வீடியோவைப் பார்த்து அவன் சிரிக்கிறதுக்கு முன்னாடி அவ சிரிக்கிறா. ராத்திரி பத்து மணிக்கு மூணு பேர் போனும் சமையக்கட்டு ஷெல்ஃப்ல போயிடும், அக்கா வீட்டுக்காரர் போனும் சேர்த்து. அவர்தான் ரொம்ப முனகினாராம். பையன் முழுசா மாறிட்டான்னு பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை நேரத்துல ஷெல்ஃப்ல இருந்து எடுத்து ரெண்டு தடவை மாட்டியிருக்கான்.

போன மாசம் நான் அங்க போயிருந்தேன். பதினொண்ணாவது படிக்கிறான், மீசை வந்துடுச்சு. பேச்சு இப்போ பரவாயில்ல. என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, கணக்கு விவரம் இருக்கிற பக்கத்தைத் திறந்து நீட்டினான்.

"மாமா, இதுல இன்னும் உன் வருஷம்தான் இருக்கு. மாத்திக் குடு."